நெளியும் உருவங்களைப் பொருத்துவது எப்படி? முப்பரிமாண ஸ்கேன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடமாகக் கால் ஸ்கேன்களோடுதான் என் பிழைப்பு ஓடுகிறது. பாதத்தை ஸ்கேன் செய்து, அதிலிருந்து அளவெடுத்து, காலணிக்கு அச்சு போடும் வேலை. புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பலகையில் வரைந்து சொல்லிச் சலித்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், பிரச்சினைதான் என்ன? இரண்டு ஸ்கேனும் ஒரே ஆளுடையதுதானே?

ஒரே ஆள்தான், ஆனால் அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒருவர் நேராக நிற்கும்போது ஒரு ஸ்கேன், குனியும்போது இன்னொரு ஸ்கேன் எடுக்கிறீர்கள். கையில் கிடைப்பது இரண்டு முக்கோணக் குவியல்கள், அதாவது மெஷ். முதல் மெஷ்ஷில் 4,812-வது முனை (முக்கோணங்களின் மூலைப் புள்ளி) இடது முழங்காலில் இருந்தால், இரண்டாவதில் அதே எண் காது மடலில் இருக்கும், ஏனென்றால் ஸ்கேனர் தன் வசதிக்கு எண் போட்டுக்கொண்டே போகிறது.

இதில் இரண்டு வேலை கலந்து கிடக்கிறது. இந்த முழங்கால் அங்கே எந்த முனை என்று கண்டுபிடிப்பது ஒன்று, அதைப் பொருத்தம் என்று சொல்கிறேன். முதல் பரப்பை வளைத்து நெளித்து இரண்டாவதன் மேல் உட்கார வைப்பது இன்னொன்று, அது ஒட்ட வைத்தல். பொருத்தம் தெரிந்துவிட்டால் ஒட்டுவது சுலபம், சரியாக ஒட்டிவிட்டால் பொருத்தம் தானாக வந்துவிடும். சிக்கல் என்னவென்றால் தொடக்கத்தில் இரண்டுமே கையில் இல்லை.

அதற்குத்தான் ஐசிபி இருக்கிறதே?

இருக்கிறது. ஐசிபி என்றால் இட்டரேட்டிவ் க்ளோசஸ்ட் பாயின்ட், பக்கத்துப் புள்ளியைத் திரும்பத் திரும்பத் தேடும் முறை. பெஸ்ல், மெக்கே இருவரும் 1992-ல் வெளியிட்டது. அதே சமயத்தில் சென், மெதியோனி இருவரும் தனியாக இதையே வேறு விதமாகச் செய்திருந்தார்கள். யோசனை எளிமையானது: ஒவ்வொரு புள்ளிக்கும் எதிர்ப் பரப்பில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் ஜோடி என்று தற்காலிகமாக நம்பு, அந்த ஜோடிகளுக்கு ஏற்ற சுழற்சியையும் நகர்வையும் கணக்கிடு, நகர்த்து, மறுபடி ஜோடி தேடு. இப்படியே நகர்வு நிற்கும்வரை.

ஒரு குடத்தை நாலு பக்கமிருந்து ஸ்கேன் செய்து ஒட்ட இது போதும். குடம் நெளியாது. தெரியாத எண்கள் மொத்தமே ஆறு, சுழற்சிக்கு மூன்றும் நகர்வுக்கு மூன்றும். ஆனால் உடம்பு, முகம், துணி, ஈரல் எல்லாம் நெளிகிறவை. குனிந்த ஆளை நிமிர்ந்த ஆளின் மேல் எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தாது.

அப்படியென்றால் ஒவ்வொரு முனையையும் அதன் இஷ்டத்துக்கு நகர விட்டால்?

விட்டுப் பாருங்கள், ஒருமுறையாவது எல்லாரும் செய்து பார்க்க வேண்டியது இது. ஒவ்வொரு முனையும் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அங்கே ஓடி ஒட்டிக்கொள்ளும், தூரம் பூஜ்யம் என்று காட்டும், பரப்பைத் திறந்து பார்த்தால் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கும். முக்கோணங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மடங்கிக் கிடக்கும்.

ஆகவே சுதந்திரம் கொடுக்கவும் வேண்டும், கயிற்றைக் கையில் வைத்துக்கொள்ளவும் வேண்டும். அம்பெர்க், ரொம்தானி, வெட்டர் மூவரும் 2007-ல் சொன்ன நான்-ரிஜிட், அதாவது நெளிய விடும், ஐசிபியில் ஒவ்வொரு முனைக்கும் தனி 3×4 அணி உண்டு, அந்த முனை எப்படி நகர வேண்டும் என்று சொல்லும் 12 எண்கள். 6,890 முனை உள்ள உடம்பு மெஷ் என்றால் 82,680 எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவையும் கட்டிப்போடுவது ஒரே நிபந்தனைதான்: பக்கத்துப் பக்கத்து முனைகளின் அணிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்த நிபந்தனைக்கு எவ்வளவு எடை என்பதுதான் விறைப்பு. முதலில் விறைப்பை ஏற்றி வைத்தால் மெஷ் மொத்தமாக மரக்கட்டை போல நகரும், படிப்படியாகக் குறைத்தால் கை, விரல், சுருக்கம் என்று இளகிக்கொண்டே வரும்.

இன்னொரு வழி ஆராப் (ஆஸ்-ரிஜிட்-ஆஸ்-பாசிபிள், கூடியவரை விறைப்பாக), அதே 2007-ல் சொர்கினும் அலெக்ஸாவும் கொடுத்தது. ஒவ்வொரு முனையும் அதன் அக்கம்பக்கமும் சேர்ந்த சின்னத் துண்டு சுழலலாம், ஆனால் நீளவோ சுருங்கவோ கூடியவரை கூடாது என்பது அதன் விதி. முழங்கை மடங்குவது, இடுப்பு திரும்புவது மாதிரி இடங்களில் இது அழகாக வேலை செய்யும், எனக்குப் பிடித்தது இதுதான்.

விறைப்பை எவ்வளவு வைப்பது? ஒரு நம்பர் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் பொதுவான நம்பர் கிடையாது. மெஷ்ஷின் அளவு மில்லிமீட்டரிலா மீட்டரிலா என்பதைப் பொறுத்தே அது மாறிவிடும். அதற்குப் பதில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மாதிரிப் பாதம் ஒன்றை, அதாவது எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கும் பாத மெஷ்ஷை, வாடிக்கையாளரின் பாத ஸ்கேன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கேனருக்கு விரலிடுக்கு தெரியாது, ஐந்து விரலும் ஒட்டிப்போய் ஒரே மேடாகத்தான் வரும். அவசரத்தில் விறைப்பைச் சீக்கிரமே குறைத்துவிட்டேன். முடிவில் சராசரித் தூரம் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. திருப்தியாகக் காபி குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து, மாதிரியின் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நிறம் பூசி, அந்த நிறங்கள் ஸ்கேனில் எங்கே போய் விழுகின்றன என்று பார்த்தால், இரண்டாம் விரலின் பச்சை மூன்றாம் விரல்மேல் இருக்கிறது, மூன்றாவதின் மஞ்சள் நான்காவதில், சுண்டுவிரலோ பாதத்தின் ஓரத்தில் அப்பளம் மாதிரி நசுங்கிக் கிடக்கிறது. வெளிப்பரப்பு கச்சிதம், உள்ளே விரல்கள் எல்லாம் ஒரு வீடு தள்ளிக் குடியேறிவிட்டன.

அன்றிலிருந்து தூரத்தை மட்டும் பார்த்து எதையும் நம்புவதில்லை. விறைப்பைச் சின்னச் சின்னப் படிகளாகக் குறையுங்கள், விரல் நுனிகளில் ஐந்து புள்ளியாவது கையால் குறித்துக் கொடுங்கள். கையால் குறிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஐசோமெட்ரி, ஐசோமெட்ரி என்கிறார்களே, அது என்ன?

கடற்கரையில் சுண்டல் வாங்கினால் செய்தித்தாளைச் சுருட்டிக் கூம்பாக்கிக் கொடுப்பார்கள். அந்தத் தாளில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு எறும்பு நடக்கிறது என்று வையுங்கள். தாள் விரிந்திருந்தாலும் கூம்பாக இருந்தாலும் எறும்பு நடக்கும் தூரம் ஒன்றுதான். காற்றில் நேராக அளந்தால் தூரம் மாறிவிட்டது, பரப்பின் மேலேயே அளந்தால் மாறவில்லை. பரப்பின் மேல் அளக்கும் இந்தக் குறுக்குவழித் தூரத்துக்கு ஜியோடெசிக் என்று பெயர். அது மாறாமல் நெளிவதுதான் ஐசோமெட்ரி.

பூரி இதற்கு நேரெதிர். தட்டையான மாவு எண்ணெயில் உப்பும்போது நீண்டு விரிகிறது, எறும்பின் தூரமும் கூடிவிடும். தட்டைத் தாளை நீட்டாமல் கிழிக்காமல் உருண்டையாக்கவே முடியாது என்பதற்கு 1820-களிலேயே காவுஸ் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

மனித உடம்பு இரண்டுக்கும் நடுவில். ஒரே ஆள் வெவ்வேறு நிலையில் நின்றால் ஏறக்குறைய சுண்டல் தாள். ஒல்லியானவரையும் பருமனானவரையும் பொருத்தினால் பூரி. உங்கள் வேலை இதில் எது என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி நேரம் மிச்சமாகும், ஏனென்றால் இந்தத் துறையின் பெரும்பாலான அழகான முறைகள் முதல் வகையை நம்பித்தான் கட்டப்பட்டவை.

ஃபங்ஷனல் மேப் என்றால் என்ன? கணக்கு இல்லாமல் சொல்ல முடியுமா?

முயற்சி செய்கிறேன். 2012-ல் ஓவ்ஸ்யானிகோவும் அவரோடு நான்கு பேரும் சேர்ந்து கேள்வியையே மாற்றினார்கள். எந்த முனை எந்த முனைக்கு என்று கேட்காமல், ஒரு பரப்பின் மேல் எழுதிய மதிப்புகள் இன்னொரு பரப்பில் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். மதிப்பு என்றால் எதுவும் இருக்கலாம், உயரம், சூடு, நிறம்.

அந்த மதிப்புகளைச் சுருக்கமாக எழுத ஒரு மொழி வேண்டும். அதற்குப் பரப்பின் அதிர்வுகளை எடுத்துக்கொள்கிறார்கள். சி. வி. ராமன் 1934-ல் நம் மிருதங்கம், தபலா பற்றி எழுதிய ஆய்வில், தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, ஒவ்வொரு விதமாக அதிரும்போதும் மணல் எந்தக் கோடுகளில் போய் ஒதுங்குகிறது என்று காட்டியிருப்பார். ஒரு தோலுக்கு அப்படிப் பல அதிர்வு வடிவங்கள் உண்டு, தாழ்ந்த சுருதியில் பெரிய பெரிய பாகங்களாக, மேலே போகப்போகப் பொடிப்பொடியாக. மனித மெஷ்ஷையும் அதே மாதிரி ஒரு தோல் என்று வைத்து லாப்லாஸ்-பெல்ட்ராமி என்ற கணக்கைப் போட்டால், அதற்கும் இப்படி வடிவங்கள் வரும். அவைதான் ஐகன்ஃபங்ஷன்கள். முதல் சில வடிவங்கள் தலை-கால், இடது-வலது என்று உடம்பைப் பெரும் பாகங்களாகப் பிரிக்கும், பிறகு கை, பிறகு விரல்.

நெளிந்தாலும் இந்த வடிவங்கள் பெரிதாக மாறாது என்பதுதான் விஷயம். 30 வடிவங்களை எடுத்தால், இரண்டு உடம்புக்கும் நடுவே உள்ள உறவு மொத்தமும் ஒரு 30×30 அட்டவணையில் அடங்கிவிடும், அதாவது 900 எண்கள். அதுவும் நேரியல் கணக்கு, பள்ளியில் படித்த சமன்பாட்டுத் தொகுப்பின் பெரிய அண்ணன்தான். அந்த அட்டவணையைப் படமாகப் போட்டுப் பார்த்தால், சரியான பொருத்தம் என்றால் மூலைவிட்டத்தை ஒட்டி மட்டும் கறுப்பாக இருக்கும். முதல்முறை அந்தப் படத்தைத் திரையில் பார்த்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆரம்பப் பொருத்தம் சுமாராக இருந்தால் ஸூம்அவுட் என்ற 2019-ஆம் வருட முறையைப் போடுங்கள். சில வடிவங்களில் தொடங்கி, முனைப் பொருத்தத்துக்கு மாற்றி, வடிவங்களைக் கூட்டி, மறுபடி மாற்றி என்று போகும். நிரல் ஒரு கையளவுதான் வரும், பலன் அதைவிட ரொம்பப் பெரிது.

எனக்கு இடது கை வலது கைமேல் போய் விழுகிறது. என்ன தப்பு?

உங்கள் தப்பு இல்லை. எறும்புக்கு இடது வலது தெரியாது. பரப்பின் மேலேயே நடந்து அளக்கும் எந்த அளவும் இடது கைக்கும் வலது கைக்கும் ஒன்றாகத்தான் வரும், ஆகவே ஐசோமெட்ரியை மட்டும் நம்பும் முறைக்கு ஆளைக் கண்ணாடியில் திருப்பிப் போட்டாலும் சம்மதம். 2009-ல் வந்து ரொம்பப் பிரபலமான ஹீட் கெர்னல் சிக்னேச்சரும் இதில் மாட்டும். ஒரு புள்ளியில் வைத்த சூடு எவ்வளவு வேகத்தில் ஆறுகிறது என்று பார்ப்பது அது, இரண்டு கையிலும் ஒரே மாதிரிதான் ஆறும்.

இடது கையில் ஒரே ஒரு புள்ளி குறித்துக் கொடுங்கள், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். முடியாவிட்டால் முக்கோணத்தின் மூன்று முனைகளும் எந்தப் பக்கமாகச் சுற்றி வரிசையாகின்றன என்ற சுற்றுத் திசையைக் கணக்கில் எடுக்கும் முறையைப் பயன்படுத்துங்கள்.

கையை இடுப்பில் வைத்து நின்றால் எல்லாம் குழம்பிவிடுகிறதே?

ஸ்கேனர் கையையும் இடுப்பையும் சேர்த்துத் தைத்துவிட்டது. எறும்புக்குத் திடீரென்று உள்ளங்கையிலிருந்து இடுப்புக்குக் குறுக்குப் பாலம் கிடைத்துவிட்டது, ஜியோடெசிக் தூரமெல்லாம் மாறிப்போச்சு, அதிர்வு வடிவங்களும் கூடவே மாறிவிட்டன. இதற்கு நேர்த்தியான தீர்வு என்று நான் எதையும் பார்க்கவில்லை. மாதிரியை எடுத்து மேலே ஒட்டும் முறைகள் இந்த இடத்தில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் மாதிரியில் கை தனி, இடுப்பு தனி என்று ஏற்கெனவே இருக்கிறது.

பாதி உடம்பு மட்டும் கிடைத்த ஸ்கேன் வேறு கதை. அதற்கு ரொடோலாவும் கூட்டாளிகளும் 2017-ல் ஒரு வழி சொன்னார்கள். முழு உருவத்தோடு பாதி உருவத்தைப் பொருத்தினால் நான் சொன்ன அந்தக் கறுப்பு மூலைவிட்டம் சரிந்துபோகும், எவ்வளவு சரிவு என்பது எவ்வளவு பரப்பு மிச்சம் என்பதைக் காட்டும்.

மாதிரி என்கிறீர்களே, அது எங்கே கிடைக்கும்?

முகத்துக்கு பிளான்ஸ், வெட்டர் இருவரும் 1999-ல் வழி போட்டார்கள்: 200 பேரின் முக ஸ்கேன்களை ஒன்றோடொன்று பொருத்தி, எந்த முகத்தையும் அவற்றின் கலவையாக எழுதினார்கள். உடம்புக்கு எஸ்எம்பிஎல் என்ற மாதிரி, 2015-ல் வந்தது. முன்னே சொன்ன 6,890 முனைகள் இதனுடையவைதான். ஆளின் உருவத்துக்குப் பொதுவாக 10 எண், நிற்கும் விதத்துக்கு 72 எண். 82,680 எண்களைத் தேடுவதற்குப் பதில் முதலில் 82 எண்ணைத் தேடுகிறீர்கள், எவ்வளவு நிம்மதி! ஆடை, முடி எல்லாம் அந்த 82-க்குள் வராது, அதனால் கடைசியில் விறைப்பைக் குறைத்து மிச்சத்தை நான்-ரிஜிட் முறையில் ஒட்ட வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை, அதன் இலவச உரிமம் ஆராய்ச்சிக்குத்தான், வியாபாரத்துக்கு இல்லை. வேலையெல்லாம் முடிந்தபிறகு இதைக் கண்டுபிடிக்காதீர்கள்.

இப்போதுதான் டீப் லேர்னிங் வந்துவிட்டதே, இந்தப் பழைய கதையெல்லாம் எதற்கு?

வந்தது, நன்றாகவே செய்கிறது. 2018-ல் வந்த 3டி-கோடெட் முறை, எஸ்எம்பிஎல்லிலிருந்து செயற்கையாக உண்டாக்கிய இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உடம்புகளைக் காட்டி நெட்வொர்க்கைப் பழக்கியது. 2017 முதலே ஃபங்ஷனல் மேப்பை நெட்வொர்க்குக்கு உள்ளேயே வைத்துப் பழக்கும் முறைகளும் வர ஆரம்பித்துவிட்டன. இவற்றில் நல்லவை பலவும் உள்ளே அதே அதிர்வு வடிவங்களைத்தான் பயன்படுத்துகின்றன. மனித உடம்பில் பழக்கியதைப் பாதத்துக்கோ பசுவுக்கோ கொண்டுபோனால் தடுமாறும். உங்களிடம் ஐம்பது ஸ்கேன்தான் இருக்கிறதென்றால், என் ஆலோசனை பழைய முறையோடு தொடங்குங்கள் என்பதுதான்.

நேரலையில், கேமரா ஓடும்போதே செய்ய முடியுமா?

முடியும். டைனமிக்ஃப்யூஷன் 2015-ல் தூரத்தை அளக்கும் ஒரே ஒரு ஆழக் கேமராவை வைத்துக்கொண்டு, அசையும் ஆளின் உருவத்தை ஓடும்போதே கட்டிக் காட்டியது, அந்த வருடம் சிவிபிஆர் என்ற கணினிப் பார்வை மாநாட்டில் சிறந்த கட்டுரை விருதும் வாங்கியது. ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் அசைவு கொஞ்சம்தான் என்பதால் பக்கத்துப் புள்ளியே ஜோடி என்ற நம்பிக்கை அங்கே பலிக்கிறது. வேகமாகக் கையை வீசினால் பலிக்காது.

சரியாகப் பொருந்தியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு உண்மை விடை தெரிந்த தரவு வேண்டும். 2014-ல் வந்த ஃபௌஸ்ட் தொகுப்பில் 10 பேர், ஆளுக்கு 30 நிலை, மொத்தம் 300 ஸ்கேன். உண்மை விடைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஆட்களின் உடம்பு முழுக்கச் சாயம் பூசி, மேலே மை முத்திரைகளையும் குத்தி, அந்தக் குறிகளை வைத்துத் தோலின் எந்த இடம் எங்கே போனது என்று கண்டுபிடித்தார்கள். அதாவது வடிவத்தை வைத்து மட்டும் பொருத்தத்தைச் சோதிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் வேலையையே ஆரம்பித்தார்கள்.

உங்கள் தரவுக்கு முத்திரை இல்லையென்றால், மாதிரியின் மேல் சதுரங்கக் கட்டம் வரைந்து மறுபக்கத்துக்கு மாற்றிக் கண்ணால் பாருங்கள். கட்டம் எங்கே இழுபடுகிறதோ, எங்கே திடீரென்று உடைகிறதோ, அங்கேதான் பொய் இருக்கிறது.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

ரிஜிட் ஐசிபிக்கு ஓபன்3டி அல்லது கிளவுட்கம்பேர். லாப்லாஸ், ஆராப் போன்றவற்றுக்கு லிப்ஐஜிஎல். கோஹெரன்ட் பாயின்ட் டிரிஃப்ட் (புள்ளிகளைச் சேர்ந்து நகர வைத்துப் பொருத்தும் இன்னொரு முறை) முயற்சி செய்ய பைசிபிடி, ஆனால் புள்ளிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்குப் பத்தாயிரம் புள்ளி என்றாலே எல்லா ஜோடிகளுக்குமான அட்டவணை 800 எம்பி பிடிக்கும்.

எதுவுமே வேலை செய்யவில்லை. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

அலகைப் பாருங்கள். ஒன்று மில்லிமீட்டரிலும் மற்றது மீட்டரிலும் இருக்கும், பாதிப் பேருக்கு இதுதான்.

அடுத்து எஸ்டிஎல் கோப்பு. அது ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று முனையைத் தனித்தனியாக எழுதி வைக்கும், பக்கத்து முக்கோணத்தோடு ஒட்டு உறவே கிடையாது. ஒரே இடத்தில் உள்ள முனைகளை இணைக்காமல் அதிர்வுக் கணக்கைப் போட்டால் ஆயிரக்கணக்கான தனி முக்கோணங்களின் அதிர்வுதான் வரும். கண்டுபிடிப்பது எளிது: முதல் சில ஐகன் மதிப்புகளை, அதாவது அந்த அதிர்வு வடிவங்களின் சுருதியைக் குறிக்கும் எண்களை, அச்சிடுங்கள். பூஜ்யம் எத்தனையோ அத்தனை தனித்துண்டு. ஒரே ஒரு பூஜ்யம் இருந்தால் மெஷ் ஒன்றாக இருக்கிறது. எனக்கு ஒருமுறை மூன்று வந்தது, தேடிப் பார்த்தால் ஸ்கேனர் மேடையின் இரண்டு திருகாணிகளும் பாதத்தோடு சேர்ந்து வந்திருந்தன.

கடைசியாக, இடது பாத மாதிரியை எக்ஸ் அச்சில் திருப்பி வலது பாதம் ஆக்கியிருந்தீர்கள் என்றால், ஒவ்வொரு முக்கோணத்தின் முனை வரிசையையும் திருப்பினீர்களா? திருப்பாவிட்டால் பரப்பின் வெளிப்பக்கம் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும், திசை ஒத்துப்போகாத ஜோடிகளைத் தள்ளும் சோதனை எல்லா ஜோடியையும் தள்ளிவிடும், நிரலும் எந்தப் பிழையும் சொல்லாமல் மாதிரியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு முடிந்தது என்று சொல்லும். எனக்கு இதில் இரண்டு நாள் போனது.